புல்வெளியில் ஓடிய மூன்றாம் எண்

பணியின் பொருட்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சில ஆண்டுகள் வசிக்க நேர்ந்தது. சார்லட் நகரில் குடியேறிய முதல் வாரத்திலேயே ஓர் எண் திரும்பத் திரும்ப என் கண்ணில் பட்டது. சற்றே சாய்வாக எழுதப்பட்ட 3. சிறு லாரிகளின் பின்கண்ணாடியில், பெட்ரோல் நிலையச் சுவரில், முடிதிருத்தும் கடையின் நிலைக்கண்ணாடி ஓரத்தில் என எங்கும் அது ஒட்டப்பட்டிருந்தது. ஏதேனும் கட்சியின் சின்னமாக இருக்கும் என்று எண்ணி, உடன் பணிபுரிந்த முதியவர் ஒருவரிடம் விசாரித்தேன். எம்.ஜி.ஆர். யார் என்று நம்மிடம் கேட்டவனை நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படி அவர் என்னைப் பார்த்தார்.

அந்த எண்ணுக்கு உரியவர் டேல் எர்ன்ஹார்ட் என்ற கார் பந்தய ஓட்டுநர். நான் கேட்ட காலத்தில் அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனக்குக் கார் பந்தயத்தில் ஒருபோதும் ஈடுபாடு இருந்ததில்லை. நாற்பது கார்கள் நீள்வட்டப் பாதையில் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி மூன்று, நான்கு மணி நேரம் சுற்றுவதில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்பதே என் எண்ணம். அதை மாற்ற முனைந்த அந்த முதியவர், ஒரு சனிக்கிழமை தம் வீட்டுக்கு அழைத்து 1987ஆம் ஆண்டுப் பந்தயம் ஒன்றின் பழைய ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ஒரு நீல, மஞ்சள் நிறக் கார் பாதையிலிருந்து விலகிப் புல்தரையில் பாய்ந்து, மண்ணை வாரி இறைத்தபடி மீண்டும் பாதைக்கு வந்து, அப்போதும் முதலிடத்திலேயே ஓடியது. சில விநாடிக் காட்சிதான். அதைப் பார்த்த பின்னர் அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பும் வளர்ந்தது; ஒருவகை வருத்தமும் வளர்ந்தது.

அந்தப் பந்தயம் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்பனைக்கு வைத்திருக்கும் சாதாரணக் கார் என்று பொருள். மதுவிலக்குக் காலத்தில் தென் மாநில மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், காவல் துறையினரிடம் சிக்காமலிருக்கத் தங்கள் கார்களின் என்ஜினை மேம்படுத்தி ஓட்டினார்கள். அவர்களும் அவர்களைப் போன்றோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் பாதைகளில் ஒருவரோடொருவர் போட்டியிட்டதில் இந்த விளையாட்டு வளர்ந்தது. 1948இல் பில் பிரான்ஸ் என்பவர் அதற்கு நாஸ்கார் என்ற அமைப்பை உருவாக்கினார். 1971 தொடக்கத்தில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டபோது, வட கரோலினாவின் புகையிலை நிறுவனம் ஒன்று தன் விளம்பரப் பணத்தை இந்தப் பந்தயங்களுக்குத் திருப்பியது. நாஸ்காரின் முதன்மைத் தொடருக்கு வின்ஸ்டன் கோப்பை என்று ஒரு சிகரெட்டின் பெயர் வந்தது அப்படித்தான். நல்ல நோக்கத்தில் போடப்படும் தடைகள் எங்கெல்லாம் போய் முளைக்கின்றன என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அதே நிறுவனம் 1985இல் ஒரு நட்சத்திரப் பந்தயத்தை அறிமுகப்படுத்தியது. பெயர் தி வின்ஸ்டன். முந்தைய ஆண்டுப் பந்தயங்களில் வென்ற 12 பேருக்கு மட்டுமே அதில் இடம். வெல்பவருக்கு 2 லட்சம் டாலர். முதல் ஆண்டில் டேரல் வால்ட்ரிப் வென்றார். அவர் இறுதிக் கோட்டைக் கடந்த கணத்திலேயே அவரது என்ஜின் வெடித்துப் புகைந்தது. சோதனையிலிருந்து தப்பவே அது வெடித்தது என்று சந்தேகப்பட்டவர்கள் இன்றும் உண்டு. அடுத்த ஆண்டு பந்தயத்தை அட்லாண்டாவுக்குக் கொண்டுபோய் அன்னையர் தினத்தில் நடத்தினார்கள். கூட்டம் சேரவில்லை. 1987இல் மீண்டும் சார்லட்டுக்கே திரும்பியது.

இந்தப் பந்தயத்தின் தனித்தன்மை, இதில் புள்ளிகள் கிடையாது என்பதுதான். ஆண்டு முழுவதும் நடக்கும் தொடரில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி உண்டு. அதனால் ஓட்டுநர்கள் கணக்குப் பார்த்து ஓட்டுவார்கள். இன்று இரண்டாம் இடம் போதும், காரை உடைக்காமல் வீடு சேர்வோம் என்ற நிதானம் அங்கே வரும். நட்சத்திரப் பந்தயத்தில் அந்த நிதானத்துக்கு இடமில்லை. வென்றால் பணம், தோற்றால் இழக்க ஏதுமில்லை. ஆகவே ஒரு மனிதரின் இயல்பு என்ன என்பது மற்றப் பந்தயங்களைக் காட்டிலும் இதில் அப்பட்டமாக வெளிப்பட்டுவிடும்.

எர்ன்ஹார்ட்டின் இயல்பு உருவான ஊர் கன்னாபோலிஸ். சார்லட் பந்தயத் திடலிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்யும் கேனன் ஆலைக்காகவே எழுந்த ஊர் அது. ஆலைக்குப் போவதைத் தவிர அங்கே வேறு வழி பெரிதாக இல்லை. அவருடைய தந்தை ரால்ஃப் எர்ன்ஹார்ட்டும் ஆலையில் வேலை செய்தவர்தாம். ஆலைச் சங்கிலியிலிருந்து விடுபட அவர் கண்ட வழி கார் பந்தயம். வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு பட்டறையில் தாமே கார்களைக் கட்டி, சுற்றுவட்டாரத்துச் சிறு பாதைகளில் ஓட்டி, பரிசுப் பணத்தில் குடும்பத்தைக் காத்தார். 1956இல் நாஸ்காரின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் தேசிய வாகையராகவும் ஆனார். காரைத் தேவையின்றி வருத்தாதவர், கடைசிச் சில சுற்றுகள்வரை பொறுமையாகக் காத்திருப்பவர் என்று பெயர் பெற்றவர் அவர்.

1951 ஏப்ரல் 29இல் பிறந்த டேலுக்குப் பட்டறைதான் பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். தந்தை எவ்வளவோ மன்றாடியும் கேட்கவில்லை. அது தந்தைக்கு ஆறாத மனக்குறையாக இருந்தது. மகனுக்கும் பிற்காலத்தில் அதுவே பெரிய வருத்தமாக நின்றது. பதினேழு வயதில் திருமணம், உடனே ஒரு குழந்தை, சில ஆண்டுகளில் மணமுறிவு, மீண்டும் ஒரு திருமணம் என்று இளமை அலைக்கழிந்தது. பற்றவைப்பு வேலை, டயர் மாற்றும் வேலை என்று பகலில் கிடைத்ததைச் செய்துகொண்டு இரவில் பந்தயக் காரைப் பழுதுபார்த்தார். 1972இல் தந்தையும் மகனும் ஒரே பந்தயத்தில் ஓட்டியதும் உண்டு.

1973 செப்டம்பரில் ரால்ஃப் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 45. மகனுக்கு 22. அறிவுரை கேட்க ஆளில்லாமல் போனது. படிப்பை விட்டதற்குச் சமாதானம் சொல்லும் வாய்ப்பும் போனது. அதன் பின்னர் டேல் ஓட்டிய ஒவ்வொரு பந்தயத்திலும் இறந்த தந்தைக்கு எதையோ நிரூபிக்கும் தவிப்பு இருந்தது என்பது என் ஊகம். வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலரும் இதையே சொல்வதால் இதில் எனக்குப் பெருமை ஏதும் இல்லை.

அடுத்த சில ஆண்டுகள் கடனில் கழிந்தன. வார இறுதியில் வெல்லும் பணத்தில் அடைத்துவிடலாம் என்று குறுகிய காலத் தவணையில் கடன் வாங்கி டயரும் உதிரிபாகங்களும் வாங்குவார். வென்றால் தவணை கட்டப்படும். தோற்றால் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். நீங்களும் நானும் இரண்டாம் இடம் வந்தால் மகிழ்வோம். இரண்டாம் இடத்தின் பரிசு கடனுக்குப் போதாது என்ற நிலையில் இருபதுகளைக் கழித்தவருக்கு இரண்டாம் இடம் என்பதே ஓர் இழிவாகத் தோன்றியிருக்க வேண்டும்.

1975 மே மாதம், சார்லட் திடலில் நடந்த 600 மைல் பந்தயத்தில், வேறொருவரின் காரை ஓட்டி முதன்மைத் தொடரில் முதன்முதலாகக் கலந்துகொண்டார். 22ஆம் இடம். முழுநேர வாய்ப்பு கிடைக்க மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. 1979இல் சிறந்த அறிமுக ஓட்டுநர்; மறு ஆண்டே தொடரின் வாகையர். இவ்விரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பெற்ற முதல் மனிதர் அவர்தான். அந்தக் குழு கைமாறிப்போன பிறகு சிறிது காலம் அலைந்து, 1984இல் ரிச்சர்ட் சில்ட்ரெஸின் குழுவில் நிலைபெற்றார். மூன்றாம் எண் கார் அங்கே கிடைத்தது. 1986, 1987, 1990, 1991, 1993, 1994 என மேலும் ஆறு முறை வாகையரானார். மொத்தம் ஏழு. அதுவரை ரிச்சர்ட் பெட்டி ஒருவர் மட்டுமே எட்டிய எண்ணிக்கை அது.

இனி அந்தப் புல்வெளிக்கு வருகிறேன். 1987 மே 17. அந்த ஆண்டுத் தி வின்ஸ்டன் மூன்று பகுதிகளாக அமைந்தது: 75 சுற்று, 50 சுற்று, கடைசியாக 10 சுற்று. முதல் இரண்டு பகுதிகளிலும் ஜார்ஜியாவைச் சேர்ந்த பில் எலியட்டின் சிவப்புக் காரை எவராலும் நெருங்க முடியவில்லை. அமைதியானவர், சிவந்த தலைமுடிக்காரர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. கடைசிப் பத்துச் சுற்று தொடங்கியதும் முதல் வளைவிலேயே எலியட்டும் ஜெஃப் போடைனும் உரசிக்கொண்டார்கள். போடைனின் கார் சுழன்றது. அந்தக் குழப்பத்தில் எர்ன்ஹார்ட் முன்னே வந்துவிட்டார். அந்த உரசலுக்கு உண்மையான காரணம் யார் என்பது இன்றும் முடியாத வழக்கு.

பின்னர் நேர்ப்பாதையில் எலியட் பின்னாலிருந்து நெருங்கியபோது இரு கார்களும் தொட்டுக்கொண்டன. எர்ன்ஹார்ட்டின் கார் இடப்புறம் தள்ளப்பட்டுப் பாதைக்கும் பணிமனைப் பகுதிக்கும் இடையிலுள்ள புல்தரையில் இறங்கியது. அந்த வேகத்தில் புல்லில் இறங்கிய கார் சுழலத்தான் வேண்டும். பிடிமானம் கிடையாது, திருப்பினால் சுழலும், பிரேக்கை மிதித்தாலும் சுழலும். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. காரை நேராகப் பிடித்துக்கொண்டு, புல்லைக் கிழித்து, மீண்டும் பாதைக்கு ஏறினார். முதலிடம் கைவிட்டுப் போகவில்லை. அமெரிக்க ரசிகர்கள் இந்நிகழ்ச்சிக்குப் புல்லில் முந்தியது என்று பொருள்படும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். உண்மையில் அவர் அங்கே எவரையும் முந்தவில்லை. இருந்த இடத்தை இழக்காமல் மீண்டார், அவ்வளவே. புகழ்பெற்ற பெயர்களில் பாதி இப்படிப் பிழையானவைதாம்.

அதோடு முடிந்திருந்தால் அது வீரச் செயலாக மட்டும் நின்றிருக்கும். அடுத்துத் தம்மை முந்த முயன்ற எலியட்டை மேற்புறச் சுவரை நோக்கி நெருக்கினார் எர்ன்ஹார்ட். உரசலில் வளைந்த தகடு டயரை அறுத்து, எலியட்டின் வாய்ப்பு முடிந்தது. பந்தயம் முடிந்த பிறகு கார்கள் மெதுவாகச் சுற்றிவரும்போது, அமைதிக்குப் பெயர்போன எலியட்டே எர்ன்ஹார்ட்டின் காரை வேண்டுமென்றே மோதினார். எர்ன்ஹார்ட், எலியட், போடைன் மூவருக்கும் நாஸ்கார் அபராதம் விதித்தது. 2 லட்சம் டாலரும் எர்ன்ஹார்ட்டுக்குப் போயின. திடலில் பாதிப் பேர் கரவொலி எழுப்ப, மறுபாதி கூச்சலிட்டது. மிரட்டுபவர் என்று பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது அந்த மாலைக்குப் பிறகுதான். மறு ஆண்டு அவரது காரின் நிறமும் கறுப்பாயிற்று. பின்னால் கண்ணாடியில் கறுப்புக் கார் தெரிந்தாலே முன்னால் போகிறவரின் கை தடுமாறும் என்பார்கள்.

நான் அவரை இந்த இடத்தில் முழுமனத்தோடு பாராட்டமாட்டேன். கிட்டத்தட்ட இருநூறு மைல் வேகத்தில் இன்னொருவரின் காரைத் தொட்டு நகர்த்துவது விளையாட்டல்ல. ஆனால் ஆலைத் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் அவரில் கண்டது வேறு. அவர்களைப்போலவே படிக்காத, அவர்களைப்போலவே பேசுகிற ஒருவர், வழிவிடமாட்டேன் என்கிறார். மேற்பார்வையாளருக்கும் முதலாளிக்கும் நாள்தோறும் வழிவிட்டு நிற்பவர்களுக்கு அதன் இனிமை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நட்சத்திரப் பந்தயத்தை 1990இலும் 1993இலும் மீண்டும் வென்று, மூன்று முறை வென்ற முதல்வரானார். 1992இல் முதன்முறையாக மின்விளக்கொளியில் இரவில் நடந்தபோது, கடைசிச் சுற்றில் அவரே முன்னணியில் இருந்தார். பின்னாலிருந்து கைல் பெட்டியின் கார் நெருக்க, எர்ன்ஹார்ட் சுழன்று வெளியேறினார். கைல் பெட்டியும் டேவி ஆலிசனும் ஒருசேர இறுதிக் கோட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். ஆலிசன் வென்றார், வென்ற நொடியில் கார்கள் மோதி, ஆலிசன் வெற்றி மேடைக்கு வராமல் மருத்துவமனைக்குப் போனார். புள்ளியே இல்லாத ஒரு பந்தயத்துக்கு அவர்கள் கொடுக்கத் தயாராயிருந்த விலை அது.

அவருக்கு வசப்படாத ஒன்று, டேடோனா 500. தொடரின் தலைசிறந்த பந்தயமான அதில் பத்தொன்பது முறை ஓட்டியும் வெற்றி கிட்டவில்லை. 1990இல் கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில், முதலிடத்தில் இருக்கும்போதே டயர் கிழிந்தது. 1998இல், இருபதாம் முயற்சியில், வென்றார். அவர் கார் மெல்லத் திரும்பி வந்தபோது, எதிரணிக் குழுக்கள் அனைத்தும் வழிநெடுகத் திரண்டு நின்று அவருடைய கையைத் தொட்டு வாழ்த்தின. எவரும் விரும்பாதவர் என்று எழுதப்பட்ட மனிதருக்கு நேர்ந்தது இது.

இத்தனைக்கும் மேலாக, அவர் வாழ்வில் என்னை நெடுநேரம் நிறுத்திய நிகழ்ச்சி 2000 மே 20ஆம் நாள் இரவுதான். அதே சார்லட், அதே தி வின்ஸ்டன். இப்போது அவருடைய மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரும் களத்தில் இருந்தார். அவருக்கு அது முதன்மைத் தொடரில் முதல் முழு ஆண்டு. சிறு வயதில் பெற்றோர் பிரிந்து, தந்தையின் கவனத்துக்கு ஏங்கி வளர்ந்த மகன். கடைசிச் சுற்றுகளில் டேல் ஜாரெட்டைக் கடந்து அவர் வென்றார். அறிமுக ஆண்டிலேயே நட்சத்திரப் பந்தயத்தை வென்ற முதல் ஓட்டுநர். மூன்றாவதாக வந்த தந்தை, காரை விட்டு இறங்கி வெற்றி மேடைக்குச் சென்று மகனைக் கட்டிக்கொண்டார். தோற்ற பந்தயம் ஒன்றில் எர்ன்ஹார்ட் அவ்வளவு மகிழ்ந்து நின்ற படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவருடைய தந்தை அவருக்குக் கொடுக்க முடியாமல் போன ஒன்றை அவர் தம் மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த இரவுக்குச் சரியாக எட்டு நாள்களுக்கு முன் வேறொரு தந்தை தம் மகனை இழந்திருந்தார். கைல் பெட்டியின் மகன் ஆடம் பெட்டி, வயது 19, நியூ ஹாம்ப்ஷயர் திடலில் பயிற்சியின்போது சுவரில் மோதி இறந்தார். நான்காம் தலைமுறைப் பந்தய ஓட்டுநர். ஜூலையில், அதே திடலில், அதே வளைவில், கென்னி இர்வின் இறந்தார். அக்டோபரில் டெக்சஸில் டோனி ரோப்பர். மூன்று இளைஞர்கள், ஆறு மாதங்களுக்குள்.

காரின் உடல் சுவரில் மோதி நிற்கும்போது, ஓட்டுநரின் உடலைப் பட்டைகள் இருக்கையோடு பிடித்துக்கொள்கின்றன. தலையைப் பிடிக்க எதுவுமில்லை. தலைக்கவசத்தின் பாரமும் சேர, தலை முன்னோக்கி வீசப்படுகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது. இதைத் தடுக்க ஒரு கருவி 1980களிலேயே உருவாகிவிட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர்இயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், பந்தய ஓட்டுநரான அவர் மைத்துனர் ஜிம் டௌனிங்கும் சேர்ந்து செய்த அதன் பெயர் ஹான்ஸ். தோளில் மாட்டும் ஒரு கழுத்துப்பட்டை; தோள்பட்டைகள் அதை அழுத்திப் பிடிக்கும்; இரு வார்கள் அதைத் தலைக்கவசத்தோடு இணைக்கும். அவ்வளவுதான். நாஸ்கார் அதைக் கட்டாயமாக்கவில்லை. பெரும்பாலான ஓட்டுநர்கள் அணியவும் இல்லை.

அணிய மறுத்தவர்களில் முன்நின்றவர் எர்ன்ஹார்ட். முகம் மூடாத பழைய வகைத் தலைக்கவசத்தைத்தான் அவர் கடைசிவரை அணிந்தார். கழுத்தைக் கட்டிப்போடும் கருவி அவருக்குப் பிடிக்கவில்லை. 1996இல் டல்லடேகா விபத்தில் மார்பெலும்பும் கழுத்தெலும்பும் முறிந்தும் இரண்டே வாரங்களில் திரும்பி வந்து, முதல் வரிசையில் முதலாவதாகப் புறப்படும் தகுதியைப் பெற்றவர் அவர். அப்படிப்பட்டவரிடம் கழுத்துப்பட்டையைப் பற்றிப் பேச யாருக்குத் துணிவு வரும்? அவர் அணியாததால் மற்றவர்களும் அணியவில்லை. இளைஞர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான். தலைக்கவசத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டியவன் நான். அந்த அலட்சியத்தின் சுகம் எனக்கும் தெரியும். ஆகவே அவரைக் குறைசொல்ல எழுதவில்லை. ஆனால் புல்தரையில் காலை எடுக்காத அதே பிடிவாதம்தான் இங்கேயும் வேலை செய்தது என்பதை எப்படிச் சொல்லாமல் விடுவது?

2001 பிப்ரவரி 18. டேடோனா 500, கடைசிச் சுற்று. முதலிடத்தில் மைக்கேல் வால்ட்ரிப். அதுவரை 462 பந்தயங்கள் ஓட்டி ஒன்றில்கூட வெல்லாதவர். இரண்டாவதாக டேல் ஜூனியர். இரண்டு கார்களுமே எர்ன்ஹார்ட்டுக்குச் சொந்தமான குழுவின் கார்கள். மூன்றாவதாக அவரே. வாழ்நாள் முழுவதும் இரண்டாம் இடத்தை வெறுத்தவர், அன்று பின்னால் வருபவர்களைத் தடுத்து, முன்னால் போகும் இருவருக்குக் காவலாக ஓட்டினார் என்றே பார்த்தவர்கள் பலரும் கருதுகிறார்கள். நான்காம் வளைவில் பின்னாலிருந்த காரோடு சிறு உரசல். கார் திரும்பி மேலேறி, கென் ஷ்ரேடரின் காரோடு சேர்ந்து சுவரில் மோதியது. பார்ப்பதற்கு அது பெரிய விபத்தாகவே தோன்றாது. கார் உருளவில்லை, தீப்பிடிக்கவில்லை. வர்ணனையாளர் அறையில் டேரல் வால்ட்ரிப், ஆம், முதல் தி வின்ஸ்டனை வென்ற அதே வால்ட்ரிப், தம் தம்பியின் முதல் வெற்றியைக் கண்டு அழுதுகொண்டிருந்தார். சில விநாடிகளில் அந்தக் குரல் மாறி, டேல் நலமாக இருக்கிறாரா என்று விசாரிக்கத் தொடங்கியது. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருந்தது. வயது 49.

அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஆர்லாண்டோ நாளிதழ் ஒன்று, பந்தய ஓட்டுநர்கள் இதே காயத்தால் இறப்பதைப் பற்றித் தொடர் கட்டுரை வெளியிட்டிருந்தது. மறைவுக்குப் பின் அந்த இதழ் பிரேதப் பரிசோதனைப் படங்களை நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று கேட்க, அவர் மனைவி தெரசா எதிர்த்து வழக்காடினார். அத்தகைய படங்களைப் பொதுப்பார்வையிலிருந்து விலக்கும் சட்டத்தை ஃபுளோரிடா மாநிலம் சில வாரங்களிலேயே இயற்றியது. சமரசமாக, டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிஞர் பாரி மையர்ஸ் படங்களை ஆராய்ந்தார். இருக்கைப் பட்டை அறுந்ததே காரணம் என்று அதுவரை பேசப்பட்டு வந்தது. தலையைப் பிடித்து நிறுத்த ஏதுமில்லாததே காரணம் என்று அவர் முடிவு கூறினார். துக்கத்தில் இருந்த குடும்பம் ஒருபுறம், உண்மை தெரிய வேண்டும் என்ற இதழ் மறுபுறம். இதழியலைத் தொட்டு வாழும் நான் இந்த வழக்கைப் பலமுறை படித்தும், எந்தப் பக்கம் நிற்பது என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

அவ்வாண்டு மே மாதத் தி வின்ஸ்டனில், மழையில் நனைந்த முதல் வளைவிலேயே பல கார்கள் மோதின. மாற்றுக் கார்களில் ஓட அனுமதித்தார்கள். மாற்றுக் காரில் கடைசியிலிருந்து புறப்பட்டு வந்து வென்றவர் ஜெஃப் கார்டன்; எர்ன்ஹார்ட்டின் மூன்று வெற்றிச் சாதனையை அன்று சமன் செய்தார். அந்த ஆண்டுப் பந்தயங்களில் மூன்றாம் சுற்று வந்ததும் ரசிகர்கள் எழுந்து நின்று மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார்கள்.

அக்டோபரில் தலையையும் கழுத்தையும் பிடிக்கும் கருவியை நாஸ்கார் கட்டாயமாக்கியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையிலான குழு, எஃகுக் குழாய்களும் பஞ்சுபோன்ற அடைப்பும் கொண்டு உருவாக்கிய மென்சுவர் 2002இல் இண்டியானாபொலிஸில் முதலில் நிறுவப்பட்டு, படிப்படியாக மற்றத் திடல்களுக்கும் வந்தது. இருக்கைகள் மாறின, கார்களின் கட்டுமானமே மாறியது. இவற்றில் பல அறிவு முன்பே இருந்தது. ஆடம் பெட்டியும் இர்வினும் ரோப்பரும் இறந்தபோதும் இருந்தது. மூன்று இளைஞர்களின் சாவு அசைக்காத ஓர் அமைப்பை, ஒரு பெரிய மனிதரின் சாவு அசைத்தது. அந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தருவதாக இல்லை. ஆயினும் நான் அறிந்தவரை, 2001 பிப்ரவரிக்குப் பிறகு நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களிலும் பந்தயத்தில் ஓட்டுநர் எவரும் இறக்கவில்லை.

கன்னாபோலிஸ் ஆலை 2003இல் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். ஊர் நடுவே எர்ன்ஹார்ட்டுக்கு ஒன்பது அடி வெண்கலச் சிலை இருக்கிறது. பந்தய உடையில்லை, தலைக்கவசம் இல்லை. ஜீன்ஸும் சட்டையுமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஊர் திரும்பும் முன் நான் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

2002இல் தி வின்ஸ்டனை வென்றவர் ரையன் நியூமன் என்ற அறிமுக ஓட்டுநர். அன்று அவருக்கு அடுத்து வந்தவர் டேல் ஜூனியர். அதே நியூமன், 2020 பிப்ரவரியில் டேடோனா 500இன் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது பின்னாலிருந்து தள்ளப்பட்டுச் சுவரில் மோதினார். கார் தலைகீழாக உருண்டது. உருண்டுகொண்டிருக்கும்போதே இன்னொரு கார் ஓட்டுநரின் பக்கத்தில் வந்து மோதியது. சுற்றிலும் கறுப்புத் திரை பிடித்து அவரை வெளியே எடுத்தார்கள். எர்ன்ஹார்ட்டின் விபத்தைவிடப் பலமடங்கு கொடூரமாகத் தோன்றியது அது. இரண்டு நாள்களுக்குப் பின் அவர் மருத்துவமனையிலிருந்து வெறுங்காலோடு நடந்து வெளியே வந்தார். இரு கைகளிலும் தம் இரண்டு மகள்களைப் பிடித்திருந்தார்.